கெப் வண்டியில் ஒரு குளிர்பெட்டி

பெரிய குளிரூட்டிய லொறி ஒன்று இருந்தால்தான் குளிர்ப்பொருள் வியாபாரத்தில் இறங்கலாம் என்று நம்மவர் பலர் ஒதுங்கிக்கொள்வதைக் காண்கிறேன். லொறிக்கு முதல் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய லொறிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2025இல் தடை தளர்ந்த பிறகும் சிறு வியாபாரியின் கைக்கு அது வந்துவிடவில்லை. லீசிங் எடுக்கலாமே என்பார்கள். வட்டிக்கு அஞ்சுகிறவர் அந்தப் பக்கம் போகமாட்டார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி உடுத்த உடையோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த குடும்பங்களில், ஈடு வைக்க நகையோ உறுதியோ இல்லாதவர்களே அதிகம். ஆகவே உள்ளதைக் கொண்டு எப்படித் தொடங்குவது என்பதுதான் நமது கேள்வி.

எனக்கு இருந்தது ஒரு பழைய டீசல் கெப். அதன் பின்தட்டில் 60 லீற்றர் கொள்ளும், வாகனப் பற்றரியில் இயங்கும் குளிர்பெட்டி ஒன்றைப் பூட்டி, யாழ்ப்பாண நகரிலிருந்து சுன்னாகம், நெல்லியடி, பருத்தித்துறை கடைகளுக்கு வட்டிலப்பமும், பொரிக்கத் தயாரான ரோல்ஸ், சமோசா வகைகளும் கொடுத்து வருகிறேன். செய்து தருபவர் என் ராத்தா. கித்துள் கருப்பட்டி விலையேறிய நாளில் பனங்கட்டி போட்டு ஒரு வட்டிலப்பம் செய்தார். இப்போது கடைக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நாலு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடு அது. எனவே அந்தப் பெட்டிக்குள் போவது ராத்தாவின் அடுப்பு என்றே நான் நினைப்பதுண்டு.

முதலாவது நோன்பு மாதத்திலேயே நான் ஒரு பெரும் பிழை விட்டேன். அதிலிருந்து தொடங்குவதே வாசகர்களுக்குப் பயன்படும்.

தொண்ணூற்றாறு கிண்ணங்கள்

அன்று நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் பருத்தித்துறையில் இரண்டு கடைகளுக்கு 96 கிண்ணம் வட்டிலப்பம் கொடுக்க வேண்டும். ஸஹருக்குப் பின் அவித்து இறக்கியதை, சூடு சற்று ஆறியதும் பெட்டியில் அடுக்கினோம். சுன்னாகத்தில் மொத்தக் கடை ஒன்றில் எனக்கு வேலை இருந்தது. ளுஹர் தொழுது, கணக்குப் பார்த்து, வண்டிக்கு வர நாலு மணித்தியாலம் போய்விட்டது. வண்டி வெயிலில் நின்றது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் நானும் நிம்மதியாக வண்டியை எடுத்தேன். வல்லை வெளியைக் கடந்து நெல்லியடியில் மூடியைத் திறந்தால் உள்ளே குளிரைக் காணோம். வெப்பமானி 18 பாகை காட்டியது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பண்டம். நாலு பாகைக்குக் கீழே இருக்க வேண்டியது.

மணத்தில் வித்தியாசம் இல்லை. பார்த்தாலும் தெரியாது. ஷைத்தான் வருவது இந்த இடத்தில்தான். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது அதை மேலே போட்டிருக்கலாமே என்று கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நாம் எல்லோரும் பயானில் கேட்ட சம்பவம்தான். ஆனால் தன் கையில் 96 கிண்ணத்தை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கும்போதுதான் அது எவ்வளவு பாரமான சம்பவம் என்று விளங்குகிறது. கடைக்காரர்கள் இருவருக்கும் தொலைபேசியில் உள்ளதைச் சொன்னேன். ஒருவர் பொறுத்துக்கொண்டார். மற்றவர் அந்த நோன்பு முழுவதும் என்னிடம் எடுக்கவில்லை. அவரில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. சரக்கைக் கொட்டிவிட்டு வெறும் கிண்ணங்களோடு வீட்டுக்கு வந்தேன். ராத்தா ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. கிண்ணங்களைக் கழுவப் போட்டார். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

பிழை எங்கே இருந்தது?

அடுத்த நாள் ஒரு திருத்துமிடத்துக்குக் கொண்டு போனேன். பெட்டியின் செருகியைக் கழற்றி, மானியை வைத்துப் பார்த்தார்கள். 12.4 வோல்ற். “கரண்ட் வடிவா வருது, பெட்டிதான் பழுது, வேற எடுங்கோ” என்றார்கள். இன்னொரு பெட்டிக்கு எங்கே போவது?

பிறகு வயதான வாகன மின்வேலைக்காரர் ஒருவரிடம் போனேன். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். அப்போது நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். அவருக்கு ஒரு துளி மின்சாரத்தின் பெறுமதி தெரியும். அவர் மானியைத் தொடவே இல்லை. முதலில் கேட்டது, “வயர் என்ன போட்டனீங்கள் தம்பி?” என்றுதான்.

வீட்டு வேலையில் மிஞ்சிக் கிடந்த ஒன்று - ஒன்று பதின்மூன்று வயரை இழுத்திருந்தேன். ஹார்ட்வெயார் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும்: 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, அதாவது ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு. பல்ப் எரிக்கப் போடுவது.

அவர் ஒரு பழைய ஹெட்லைற் பல்பை எடுத்து, பின்தட்டில் பெட்டியின் செருகி வரும் இடத்தில் கொழுவினார். 55 வற் பல்ப். நாலரை, ஐந்து அம்பியர் இழுக்கும். பெட்டி இழுப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. பல்ப் எரியும்போது மானியை வைத்தார். 12.4 இருந்த இடத்தில் 11.4 நின்றது. பல்பைக் கழற்றினார். மறுபடி 12.4. “பிரிட்ஜில பிழை இல்லைத் தம்பி. உம்மட வயர்தான் ஒரு வோல்ற்றைத் தின்னுது” என்றார்.

கணக்கு இலகுவானது. ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயரின் தடை ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம். முன்னால் உள்ள பற்றரியிலிருந்து பின்தட்டுக்கு 6 மீற்றர். போக 6, வர 6, ஆகமொத்தம் 12 மீற்றர். தடை 0.21 ஓம். 5 அம்பியர் ஓடும்போது இழப்பு ஒரு வோல்ற்றுக்கு மேல். எஞ்சின் ஓடும்போது ஓல்டனேற்றர் 14 வோல்ற்றுக்கு மேல் கொடுப்பதால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்தியதும் கதை மாறுகிறது. இந்தப் பெட்டிகளில் வாகனப் பற்றரியைக் காப்பாற்றுவதற்காக ஒரு வெட்டு ஒழுங்கு உண்டு. உயர் நிலையில் வைத்தால் பெரும்பாலும் 11.8 வோல்ற் அளவில் கொம்பிரசரை நிறுத்திவிடும். பற்றரியில் 12.4 இருக்க, பெட்டிக்கு 11.4 தான் போய்ச் சேருகிறது. பெட்டி ‘பற்றரி இறங்கிவிட்டது’ என்று நினைத்து நிறுத்துகிறது. நிறுத்தியதும் இழுவை இல்லை. வோல்ற் மீண்டும் 12.4க்கு ஏறுகிறது. சற்று நேரத்தில் பெட்டி மீண்டும் ஓட முயல்கிறது, மீண்டும் நிற்கிறது. நாலு மணித்தியாலம் இப்படியே. விளக்கு மட்டும் பச்சை.

முதலாவது இடத்தில் சொன்ன 12.4 பொய்யல்ல. வேலை வாங்காமல் அளந்தார்கள், அவ்வளவுதான்.

எந்த வயர், எந்த பியூஸ்

இப்போது ஆறு சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருக்கிறேன். அதே 12 மீற்றருக்கு 5 அம்பியரில் இழப்பு 0.2 வோல்ற்றுக்கும் குறைவு. கடையில் ஏழு - ஒன்று பூச்சியம் நாலு என்று கேட்டால் இந்த அளவு கிடைக்கும். ஆனால் அது சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்த தடித்த ஏழு கம்பி. குலுங்கும் வாகனத்துக்கு மெல்லிய இழைகள் பல சேர்ந்த வளையும் வயரே நல்லது. நாலு சதுர மில்லிமீற்றரும் போதும் என்பார்கள். பின்னொரு நாள் இரண்டாவது பற்றரி வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே ஆறைப் போடுங்கள். இரண்டு முறை வயர் இழுக்கும் கூலி வயரின் விலை வித்தியாசத்தை விட அதிகம்.

எதிர்முனைக்கு வண்டியின் உடம்பையே பிடிப்பது நமது ஊரில் வழக்கம். பழைய வண்டி, உப்புக் காற்று, உள்ளுக்குள் துரு. அந்தத் துரு இன்னொரு தடை. இரண்டு வயரையும் பற்றரி வரை கொண்டு போங்கள்.

பியூஸ் பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பெட்டியின் பக்கத்தில் மட்டும் பியூஸ் போட்டு விடுகிறவர்கள் உண்டு. இது பாரதூரமான பிழை. நடுவழியில் வயர் தேய்ந்து இரும்பில் பட்டால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை அந்த வயரில் தள்ளும். அந்த வயரோ டீசல் தாங்கியைத் தாண்டிப் போகிறது. முன்னால் 20 அல்லது 30 அம்பியர், பெட்டிக்குப் பக்கத்தில் 15 அம்பியர் என்று இரண்டு பியூஸ் போட்டிருக்கிறேன். இரும்பைத் துளைத்து வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் றப்பர் வளையம் வேண்டும்.

சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகி வேலை முடித்துவிடலாம் என்று பெட்டியோடு வரும் செருகி ஆசை காட்டும். இரண்டு குலுக்கலில் அது இளகிவிடும். இளகிய முனை சூடேறி பிளாஸ்டிக்கை உருக்கியதை நான் கண்டிருக்கிறேன். 50 அம்பியர் தாங்கும் சாம்பல் நிறக் கொழுவிகள் சந்தையில் உண்டு; அவை கழன்று விழா.

வீட்டுச் சிறிய பிரிட்ஜை இன்வேர்ட்டர் போட்டு ஓட்டினால் மலிவுதானே என்று கேட்கிறவர்களுக்கு: அதன் கொம்பிரசர் எழும்பும்போது ஓடும் அளவை விடப் பலமடங்கு இழுக்கும், அதற்குப் பெரிய இன்வேர்ட்டர் வேண்டும், இன்வேர்ட்டரிலும் பத்தில் ஒரு பங்கு வீண்போகும், தவிர அது குலுங்குவதற்குச் செய்த பொருளல்ல. விலை குறைந்த, கொம்பிரசர் இல்லாத ‘குளிர்-சூடு’ பெட்டிகளும் வேண்டாம். வெளியே உள்ள வெப்பத்தை விட ஏறத்தாழ 20 பாகைதான் அவை இறக்கும். 35 பாகை வெயிலில் அது 15 பாகை. சோடாவுக்குச் சரி, வட்டிலப்பத்துக்குச் சரியில்லை.

பூட்டும் விதம்

சரக்கோடு என் பெட்டி 50 கிலோ அளவில் வரும். சடுதியாகப் பிரேக் பிடித்தால் அது முன்னால் பாயும். பின்தட்டில் கட்டுவதற்கென்றே உள்ள கொளுக்கிகளில் பட்டி போட்டு நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினால் போதும், துளையிடத் தேவையில்லை. கீழே றப்பர் விரிப்பு, அதன்மேல் ஒட்டுப்பலகை, பலகையின் ஓரங்களில் பெட்டி வழுகாமல் பனஞ்சிலாகைத் துண்டுகள். துளைத்தே ஆகவேண்டுமென்றால் முதலில் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். பிரேக் குழாயும் டீசல் தாங்கியும் எங்கே போகின்றன என்று பார்த்த பிறகே துளையிடும் கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

காற்றோட்டம்தான் பலர் மறக்கும் விடயம். பெட்டி உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டை ஒரு பக்கத்து இடுக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு சாண் இடம் விடாமல் மூட்டைகளை நெருக்கினால், தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுக்கும். மூடிய பின்தட்டு வெயிலில் நின்றால் உள்ளே அடுப்படிதான். கூரைக்கு வெள்ளை நிறம் பூசி, இரண்டு பக்கமும் காற்றுத் துளை வைத்தேன். கொம்பிரசர் ஓடும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி அந்த இடுக்கை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை தூரிகையால் துடைக்க வேண்டும். பற்றரி முனைகளில் வஸலின் தடவி வைப்பது உப்புக்கு நல்ல காப்பு.

குளிர வைப்பது வேறு, குளிரைக் காப்பது வேறு

எனது இரண்டாவது பிழை, சூடு முழுதும் ஆறாத பண்டத்தை அடுக்கியது. இதை விளங்கிக்கொள்ள மீன் கணக்கு நல்லது. குருநகர்ப் பக்கம் மீன் வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “நானும் ஒன்று பூட்டினால் ஐஸ் காசு மிச்சம்தானே நானா?” என்று கேட்டார். இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம்.

ஒரு கிலோ மீனை ஒரு பாகை குளிர்த்த ஏறத்தாழ 3.6 கிலோஜூல் சூட்டை எடுக்க வேண்டும். 40 கிலோ மீனை 30 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறக்க 3,700 கிலோஜூலுக்கு மேல். இந்தச் சிறு பெட்டிகள் வினாடிக்கு எடுக்கும் சூடு 70 ஜூல் அளவில்தான். நிற்காமல் ஓடினாலும் 15 மணித்தியாலம் வேண்டும். அதற்குள் மீனின் கதை முடிந்துவிடும். ஐஸோ உருகும்போது கிலோவுக்கு 334 கிலோஜூலை விழுங்குகிறது. அதே வேலைக்கு 11 கிலோ ஐஸ் போதும், வெளிச்சூட்டுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நண்பர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரெஜிபோம் பெட்டிக்கே திரும்பிப் போனார். அவருடைய வியாபாரத்துக்கு அதுதான் சரி.

என் வட்டிலப்பமும் அப்படியே. இப்போது முதல் நாள் இரவே அவித்து, வீட்டுப் பிரிட்ஜில் 4 பாகைக்குக் கொண்டுவந்து, குளிர்பெட்டியையும் வீட்டு மின்சாரத்தில் இரவே குளிர வைத்து, ஸுபஹுக்குப் பின்தான் மாற்றுகிறோம். ரோல்ஸ் வகைகள் ஆழ்குளிரில் உறைந்த பின்பே வண்டி ஏறும். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த இரண்டு போத்தல்கள் ஓரத்தில் இருக்கும். மூடி திறந்து திறந்து மூடும் நாளில் அவை கைகொடுக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் காட்டுவதற்கு மட்டுமல்ல, நமக்காகவும் பெட்டியின் நடுவில் தனியான வெப்பமானி ஒன்று வேண்டும். பெட்டியின் முகப்பில் தெரியும் இலக்கம் சுவரின் குளிர், பண்டத்தின் குளிரல்ல.

இரண்டாவது பற்றரி தேவையா?

பகலில் ஓடி, மாலையில் சரக்கை இறக்கிவிடுகிறவருக்குத் தேவையில்லை. நல்ல வயரும், வெட்டு ஒழுங்கை உயர் நிலையில் வைப்பதும் போதும். இரவும் வண்டியிலேயே சரக்கை வைப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பெட்டி இடைவிட்டு இடைவிட்டு ஓடுவதால் சராசரியாக 3 அம்பியர் என்று வைத்தால் 12 மணித்தியாலத்துக்கு 36 அம்பியர் மணி. வண்டியின் 70 அம்பியர் மணி பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். காலையில் ஸ்டார்ட்டும் வராது.

100 அம்பியர் மணி கொண்ட இரண்டாவது பற்றரியை வைத்தால், எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, நின்றதும் பிரிக்கும் தானியங்கி ரிலே ஒன்று நடுவில் வேண்டும். அது ஏறத்தாழ 13.3 வோல்ற்றில் இணைத்து 12.8இல் பிரிக்கும். அந்த வயரின் இரு முனையிலும் பியூஸ், ஏனெனில் இப்போது இரு பக்கமும் பற்றரி. புதிய வாகனங்களில் ஓல்டனேற்றரைக் கணினி கட்டுப்படுத்துவதால் இந்த ரிலே ஒழுங்காக வேலை செய்யாது. வோல்ற்றை உயர்த்திக் கொடுக்கும் தனிச் சார்ஜர் தேவைப்படும். சாதாரண ஈயப் பற்றரியை மூடிய பின்தட்டில் வைப்பவர் அதன் வாயு வெளியேற வழி விடவேண்டும். கடை கடையாக நின்று நின்று போகும் நமது ஓட்டத்தில் ஈயப் பற்றரி ஒருநாளும் முழுதாக நிரம்புவதில்லை. வாரத்தில் இரண்டு இரவாவது வீட்டுச் சார்ஜரில் போடுங்கள்.

நான் இரண்டாவது பற்றரி வாங்கவில்லை. அதற்குப் பதிலாகக் கூரையில் 100 வற் சூரியத் தகடு ஒன்றைப் பூட்டினேன். நல்ல வெயில் நாளில் 30 அம்பியர் மணி அளவில் தருகிறது. சுன்னாகத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் பெட்டியின் இழுவை முழுவதையும் அதுவே சுமக்கிறது. நவம்பர், டிசம்பர் மழையில் அதை நம்ப முடியாது. அந்த மாதங்களில் நண்பகல் தரிப்பைச் சுருக்கிக்கொள்கிறேன்.

அந்த முதியவர் வயர் மாற்றியதற்குக் கூலி எடுத்தார். பல்ப் வைத்துப் பார்த்ததற்கு எடுக்கவில்லை. அந்தப் பல்பை இரண்டு துண்டு வயரோடு என்னிடமே தந்துவிட்டார். அது இப்போது வண்டியின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கிறது. மாதத்தில் ஒருநாள் பின்தட்டில் கொழுவி அளக்கிறேன். சென்ற மாதம் 12.5க்கு 12.3 காட்டியது.